கட்டு அவிழ்ந்த பிறகு: காயம்பட்ட கை வாத்தியத்துக்குத் திரும்பும் வழி

கை சரியாகிவிட்டது என்று சொல்ல மருத்துவமனையில் ஓர் அளவு இருக்கிறது. எலும்பு கூடியிருக்க வேண்டும், விரல்கள் மடங்கி நிமிர வேண்டும், டம்ளரைப் பிடிக்கவும் சட்டைப் பொத்தானைப் போடவும் முடிய வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு இது போதும். மிருதங்கம் வாசிப்பவருக்கு இது தொடக்கம் மட்டுமே. அவருடைய மோதிர விரல், தோலின் நடுவே உள்ள கரணை என்ற கரிய வட்டத்தின் ஓரத்தை லேசாகத் தொட்டு நிற்க, ஆள்காட்டி விரல் மட்டும் தனியே எழுந்து விளிம்பில் அடிக்க வேண்டும். மீட்டு எனப்படும் அந்த அடி கச்சேரியின் கடைசி நிமிடம்வரை ஒரே சுத்தத்தில் விழ வேண்டும்.

இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் சில மாதங்கள் கிடக்கின்றன. அந்த மாதங்களில் கலைஞருக்கு வழிகாட்ட ஆள் இருப்பதில்லை. மருத்துவர் தம் வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார். குருவோ, "சாதகம் செய், தானாக வந்துவிடும்" என்கிறார். இருவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் பல கைகள் கெட்டுப்போவது காயத்தால் அல்ல, இந்த இடைவெளியில் காட்டும் அவசரத்தால் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கையின் அமைப்பு. கையில் 27 எலும்புகள் இருக்கின்றன, ஆனால் விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி, குறுகிய உறைகளுக்குள் நுழைந்து, விரல் எலும்புகளில் போய்ப் பற்றுகின்றன. சைக்கிள் பிரேக் கம்பி தன் குழாய்க்குள் ஓடுவது போன்ற ஏற்பாடு இது. உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுக்கணுவரை உள்ள பகுதியில் ஒரே உறைக்குள் இரண்டு தசைநாண்கள் ஓடுகின்றன. அங்கே வெட்டுப்பட்டால் தைத்த இடம் உறையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் விரல் மடங்காது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தப் பகுதியில் உடனடியாகத் தையல் போடவே அறுவை மருத்துவர்கள் தயங்கினார்கள். தைத்த சில நாட்களிலேயே விரலை மெல்ல அசைக்கத் தொடங்கினால் ஒட்டாது என்பது 1960களுக்குப் பிறகுதான் நிலைபெற்றது. இன்று கை அறுவைக்குப் பின் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் சின்னச் சின்ன அசைவுகளின் அடிப்படை இதுதான். அவற்றைச் செய்யாமல் விடுபவர் தையலின் பாதிப் பலனை இழக்கிறார்.

வாத்தியக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னோர் உண்மை உண்டு. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் ஆகிய மூன்றின் நுனியையும் மடக்கும் தசைநாண்கள் பெரும்பாலும் ஒரே தசையிலிருந்து பிரிகின்றன. ஒன்று குட்டையாகிவிட்டாலோ ஒட்டிக்கொண்டாலோ மற்ற இரண்டும் முழுதாக மடங்குவதில்லை. காயம் மோதிர விரலில் இருக்கும், ஆனால் சுண்டு விரலில் விழ வேண்டிய சாப்பு என்ற மிருதங்க அடி சத்தமில்லாமல் போகும். வாசிப்பவர் சுண்டு விரலைத்தான் குறை சொல்லி அதற்கே கூடுதல் பயிற்சி கொடுப்பார். ஆள்காட்டி விரலுக்கு ஓரளவு தனிச் சுதந்திரம் இருப்பதால் அது முதலில் தேறிவிடும். அதை வைத்து முழுக் கையும் தேறிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

கடலூர் வட்டாரத்தில் கைக்கு ஆபத்து வரும் வழிகள் பல. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் அரிவாள், துறைமுகத்தில் படகுக் கயிறு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சறுக்கி விழும் இருசக்கர வாகனம். பண்ருட்டிப் பகுதியில் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் விரல்நுனித் தோலையே அரித்து உரித்துவிடும். தவிலும் நாயனமும் மட்டுமே வருமானமாக இருக்கும் வீடுகள் குறைவு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வேறு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, அந்த வேலைகளில்தான் கை அடிபடுகிறது.

அடிபட்ட உடனே மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு அது விரலின் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி விரலில் நேரடியாகப் படக் கூடாது.

கடலூர் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையானாலும், புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மரானாலும், முதல் நாளே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது: "நான் வீணை வாசிக்கிறவள், இடக்கையின் இந்த இரண்டு விரல்களால்தான் தந்தியை இழுக்கிறேன்." இதைச் சொல்ல நம் ஆட்கள் கூசுகிறார்கள். உயிர் பிழைத்ததே பெரிது, இதில் வாத்தியம் வேறா என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்தும் கம்பியை எந்தப் பக்கம் நுழைப்பது, இனி மடங்காது என்று ஆகிவிட்ட மூட்டை எந்தக் கோணத்தில் நிலைநிறுத்துவது போன்ற முடிவுகள் அறுவை மேசையில்தான் எடுக்கப்படுகின்றன. அமெரிக்கக் கித்தார் கலைஞர் லெஸ் பால் 1948இல் கார் விபத்தில் சிக்கியபோது வலது முழங்கை நொறுங்கியது. இனி அது மடங்காது என்று தெரிந்ததும், கித்தாரை அணைத்து மீட்ட வாகான கோணத்தில் கையை வைத்துப் பொருத்தும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் மேடையில் வாசித்தார்.

இனி காலக் கணக்கு. விரல் எலும்பும் உள்ளங்கை எலும்பும் பொதுவாக 3 முதல் 6 வாரங்களில் கூடிவிடும். கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தால் ஏறத்தாழ 6 வாரம் கட்டு. பெருவிரலுக்கு அடியில், மணிக்கட்டில் இருக்கும் படகு வடிவச் சிற்றெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது ஒன்றுகூட 8 முதல் 12 வாரம் ஆகலாம், முதல் எக்ஸ்ரேயில் அதன் முறிவு தெரியாமலும் போகலாம். விழுந்த பிறகு பெருவிரல் அடியில் அழுத்தினால் வலிக்கிறது, எக்ஸ்ரேயோ சரியாக இருக்கிறது என்றால், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான். வயலின் வில்லைப் பிடிக்கும் கைக்கு இந்த எலும்பு மிக முக்கியம்.

தைத்த தசைநாணின் கணக்கு வேறு. முதல் சில வாரங்கள் அதன் பலம் பெரும்பாலும் தையல் நூலின் பலம்தான். சுமார் 6 வாரம்வரை சுமை கூடாது, முழுச் சுமைக்கு 12 வாரம் ஆகும் என்பது பொதுவான கணக்கு. இதில் ஒரு வஞ்சனை இருக்கிறது. நான்காவது, ஐந்தாவது வாரத்தில் வலி அடங்கிவிடும், விரலும் மடங்கும். வாசித்தால் என்ன என்று தோன்றும். தையல் அறுந்துபோகும் அபாயம் உள்ள காலம் அதுதான். அறுந்தால் மறுபடி தைப்பது முதல் தடவையைவிடக் கடினம்.

நரம்பு எல்லாவற்றையும்விட மெதுவானது. வெட்டுப்பட்டுத் தைக்கப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் உணர்வு நுனியை எட்டவே ஆறு மாதம் ஆகும். எட்டிய பிறகும் அது பழைய உணர்வாக இருக்காது. நல்ல விரல்நுனி 2 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை இரண்டாகவே உணரும், புதிதாக முளைத்த நரம்பு அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும். புல்லாங்குழல் வாசிப்பவருக்கு இதுதான் பெரிய துன்பம். விரல் துளையின் மேல் இருக்கிறது என்று கண் சொல்லும், ஆனால் ஓரத்தில் கசியும் காற்றை விரல் உணராது, சுரம் பிசிறும். இதற்கு உணர்வுப் பயிற்சி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அரிசி, ரவை, உளுந்து, மணல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு அடையாளம் காண்பது, பிறகு கண்ணைத் திறந்து சரிபார்ப்பது. பார்ப்பதற்கு எளிதாக இருந்தாலும், மூளை புதிய செய்திகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

மூளையின் பங்கு பலரும் நினைப்பதைவிடப் பெரியது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், தந்தி வாத்தியக்காரர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிட விரிந்திருப்பது தெரியவந்தது. சிறு வயதிலேயே கற்கத் தொடங்கியவர்களிடம் அது இன்னும் அதிகம். பயன்படுத்தாத விரலுக்கு மூளை ஒதுக்கும் இடம் சுருங்கவும் செய்யும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் செயலிழந்த கைகளில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தினார். ஒரு வேலைக்கென இருந்த தசை வேறொரு வேலையைச் செய்ய வேண்டியிருந்தது, பயிற்சியால் அந்தக் கைகள் அதைக் கற்றன. இவ்வளவு பக்கத்தில் நடந்த வேலை இது. ஆனாலும் கை என்றால் எலும்பும் சதையும்தான் என்ற நினைப்பு நம்மிடையே இன்னும் போகவில்லை.

கட்டுப் போட்டிருக்கும் வாரங்களை வீண் நாட்கள் என்று நினைக்கத் தேவையில்லாததற்குக் காரணமும் இதுதான். பியானோப் பயிற்சியை விரலால் செய்தவர்களையும் மனத்துக்குள் மட்டும் செய்தவர்களையும் ஒப்பிட்ட இன்னோர் ஆய்வும் 1995இல்தான் வந்தது. ஐந்தே நாட்களில் இரு சாராரின் மூளையிலும் ஒத்த மாற்றங்கள் தெரிந்தன. நம் மரபில் இதற்கான வழி எப்போதோ அமைந்துவிட்டது. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் இருக்கிறது. மிருதங்கக்காரர் கையே இல்லாமல் முழுத் தனி ஆவர்த்தனத்தையும் வாயால் சொல்ல முடியும். நல்ல கையால் தாளம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த விரல் எங்கே விழுகிறது என்று மனத்தில் பார்த்துக்கொண்டே சொற்கட்டுகளைச் சொன்னால், அது முறையான சாதகமேதான். வீணைக்காரர் வர்ணத்தைப் பாடலாம், பாடும்போது இடக்கை வீணைத் தண்டியின் எந்த மெட்டில் (தந்திக்கு அடியில் உள்ள குறுக்குக் கட்டையில்) நின்று எவ்வளவு இழுக்கிறது என்பதை நினைவில் ஓட்டலாம். காயம் பட்ட கலைஞர்களில் வாய்ப்பாட்டை விடாதவர்கள் விரைவாகத் திரும்புவார்கள் என்று நம்புகிறேன்.

இனி வாத்தியத்தைத் தொடும் நாள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாட வரிசை நம்மிடம் இருக்கிறது. மூன்று காலங்களில் வாசிக்கும் வழக்கமும் இருக்கிறது. இருபது வருடம் கச்சேரி செய்தவர் சரளி வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்றால் மனம் ஒப்பாது. ஆனால் கைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. மிருதங்கத்தில் த, தி, தொம், நம் என்ற முதல் பாடமும் அப்படித்தான்.

எனினும் இந்த வரிசையை அப்படியே பின்பற்றினால் போதும் என்று சொல்ல மாட்டேன். அது காதுக்கும் லயத்துக்கும் அறிவுக்கும் போட்ட ஏணி. கைக்கு எது பாரம் என்று பார்த்துப் போட்டதில்லை. வீணையில் முதல் கால சரளி வரிசை லேசு. ஆனால் ஜண்டை வரிசையிலேயே தந்தியை அழுத்திய விரல் இரட்டிப்பு வேலை செய்கிறது. கீதத்துக்கும் வர்ணத்துக்கும் நடுவே, சுரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிக்கும் கமகம் நுழைந்ததும் பாரம் பல மடங்காகிறது. ஒரே மெட்டில் நின்று தந்தியை இழுத்து நான்கைந்து சுரம்வரை ஏற்றும் வேலை, தைத்த தசைநாணுக்கு மிகக் கடுமையான சோதனை. ஆகவே கை தேறும்போது பாடத்தின் வரிசை வேறு மாதிரி இருக்க வேண்டும். முதலில் கமகம் இல்லாத வெறும் சுரங்கள், ஐந்து நிமிடம், நாளில் சில தடவை. பிறகு அதே பாடத்துக்கு நேரத்தை மட்டும் கூட்ட வேண்டும். அடுத்து காலத்தை. கடைசியில்தான் இழுப்பு. ஒரே வாரத்தில் இரண்டை ஏற்றக் கூடாது. வாசித்த வலி மறுநாள் காலையிலும் இருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

வீணைக்கு ஓர் எளிய உதவியும் உண்டு, பலர் இதைச் செய்வதில்லை. சுருதியை இறக்குவது. தந்தியின் இழுவிசை சுருதியின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், சுருதியை அளக்கும் கட்டைக் கணக்கில் 2½ கட்டையிலிருந்து 2 கட்டைக்கு, அதாவது ஓர் அரைச்சுரம், இறக்கினாலே இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைகிறது. 1½ கட்டைக்கு இறக்கினால் ஏறத்தாழ 20 சதவீதம். தந்தி தளர்ந்தால் ஒரு சுரத்தை ஏற்ற இழுக்க வேண்டிய தூரமும் குறைகிறது. அதிகம் தளர்த்தினால் மெட்டில் அதிரும், நாதம் கெடும் என்பது உண்மைதான். மூன்று மாதத்துக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் வாசிக்காததால் விரல்நுனிக் காய்ப்பும் உரிந்திருக்கும், மென்மையான தோலில் பழைய இறுக்கத்தோடு தந்தியை இழுத்தால் முதல் வாரமே கொப்பளிக்கும்.

கர்நாடக வயலினுக்கு அமரும் முறையே துணை. வயலினின் தலை வலக் காலில் ஊன்றியிருப்பதால் இடக்கை வாத்தியத்தைத் தாங்க வேண்டியதில்லை, விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தவிலில் நிலைமை வேறு. வலக்கை விரல்களுக்கு மாட்டும் கூடுகள் அந்தந்த விரலின் அளவுக்குச் செய்தவை. காயம் ஆறிய விரல் பல மாதம் சற்றே பருத்திருக்கும், பழைய கூட்டை அதில் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபடும். புதிதாகச் செய்துகொள்வதே நல்லது. நாகஸ்வரத்தில் நீளமான வகையான பாரிக்குத் துளைகளின் இடைவெளி அதிகம், குட்டையான திமிரியில் குறைவு. விரல்கள் விரியும் தூரம் இன்னும் திரும்பாதவர் சிறிது காலம் திமிரியில் பழகலாம்.

நரம்பு அடிபட்ட கைக்குக் குளிர் ஆகாது. மார்கழி விடியலில் கோயிலில் வாசிப்பவரும் ஏசி மண்டபத்தில் வாசிப்பவரும் தொடங்குமுன் கையை வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்து எடுப்பது பலன் தரும்.

வலி இல்லாமலேயே ஒரு விரல் தானாக மடங்கிக்கொண்டால், அல்லது வாசிக்கும்போது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனால், அது பலவீனம் என்று நினைத்துச் சாதகத்தைக் கூட்டக் கூடாது. இசைக் கலைஞர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வரும் தசை இயக்கக் கோளாறாக அது இருக்கலாம். பியானோ மேதை லியோன் பிளைஷர் 1960களில் இதனால் வலக்கை வாசிப்பை இழந்தார், 1990களில் போட்டுலினம் ஊசி சிகிச்சைக்குப் பிறகே இரு கைகளாலும் மேடையில் வாசித்தார். இந்தக் கோளாறு கூடுதல் பயிற்சியால் மோசமாகும். நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதே வழி.

முழுதாகத் திரும்பாத கைகளும் உண்டு. கித்தார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1928இல் தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்களை ஏறக்குறைய இழந்தார். மீதி இரண்டு விரல்களால் தனி வாசிப்பை வாசித்தும், முடங்கிய விரல்களைச் சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தியும் தமக்கென ஒரு பாணியை உருவாக்கிக்கொண்டார். பர்மிங்காம் தொழிற்சாலையில் 17 வயதில் இரண்டு விரல்நுனிகளை இழந்த டோனி அயோமி, ஜாங்கோவின் இசைத்தட்டைக் கேட்ட பிறகுதான் கித்தாரை மறுபடி எடுத்தார். பிளாஸ்டிக்கை உருக்கி விரல்நுனிக் கூடு செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பின்னாளில் சுருதியையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார். மிருதங்கத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். காயத்தால் வந்ததல்ல, இயல்பே அப்படி. ஆனால் வாத்தியத்தைத் திருப்பி வைத்து வாசிப்பவர் உச்சத்துக்குப் போகலாம் என்பதை நம் மேடை கண்டிருக்கிறது. வலக்கை திரும்பாது என்று உறுதியான இளைஞனிடம் இதைப் பேசும் குருமார்கள் வேண்டும்.

இவ்வளவும் ஒரு பக்கம் இருக்க, வருமானம் காத்திருப்பதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அறுவைச் செலவுக்கு உதவலாம். ஆனால் கடலூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும் புதுச்சேரிக்கு வாரந்தோறும் பிசியோதெரபிக்கு அலையும் பஸ் கட்டணத்தையும், போன முகூர்த்தங்களின் கூலியையும் அது தருவதில்லை. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் அழைப்புகள் குவியும்போது, எட்டாவது வாரத்தில் இருக்கும் கலைஞர் தவிலைத் தோளில் மாட்டாமல் இருப்பது மிகக் கடினம்.

இதற்கு விடை மேளக் குழுவின் அமைப்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு செட்டில் தாளம் போட ஒருவர் உண்டு, சுருதி ஊதும் ஒத்துக் குழலுக்கோ சுருதிப்பெட்டிக்கோ ஒருவர் உண்டு, முதல் தவிலுக்கு அடுத்து இரண்டாம் தவில் உண்டு. கை தேறும் கலைஞரைச் சில மாதங்களுக்குச் சுருதிப்பெட்டியில் அமர்த்தி, பிறகு நல்ல கையால் அடிக்கத் தாளத்தைக் கொடுத்து, பிறகு இரண்டாம் தவிலாக மண்டபத்தில் அரை மணி நேரம் வாசிக்கவிட்டு, மெல்ல முதல் தவிலுக்குக் கொண்டுவரலாம். கூலி குறையும், ஆனால் நிற்காது. முதல் தவில் வாசித்தவர் தாளம் போடுவது கௌரவக் குறைவு என்ற எண்ணம்தான் குறுக்கே நிற்கிறது. அதைக் களைய வேண்டியவர் குழுவின் தலைவர். கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியிலும் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு, கையைக் காக்கும் முறையையும் இந்தப் படிப்படியான திரும்புதலையும் பாடத்தோடு சேர்த்தே சொல்லிக் கொடுத்தால், நாளை அவர்கள் நடத்தும் குழுக்களில் இது வழக்கமாகும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கோ வைத்திக்குப்பத்துக்கோ சாமியோடு நடந்து மணிக்கணக்கில் வாசிக்கும் ஊர்வலம் அந்தப் படிகளில் கடைசியாக வர வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு முழு முகூர்த்தத்தை மறுநாள் வலியில்லாமல் வாசித்து முடித்தவரை மட்டும் அதற்கு அழைக்க வேண்டும்.